ஒன்பதாவது பலகை

பொறாமை படித்தவனுக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் கல்லுமலைத் தோட்டத்து வாத்தியார் யேசுரத்தினம் இங்கிலீசுப் பேப்பரைச் சத்தம் போட்டு வாசிக்கக்கூடியவர். அப்பேர்ப்பட்டவர் ஒரு தேயிலைப் பெட்டிப் பலகைக்காக வயிறெரிந்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டும் இருந்தேன். அதையும் சொல்லத்தான் போகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

நான் தோட்டத்துத் தபால்காரன். காலையில் ஆபீசில் பையை வாங்கிக்கொண்டு நாலு மைல் இறங்கிப் பசறைக்குப் போவேன். போகிற கடிதங்களைப் போட்டு, வந்ததை எடுத்துக்கொண்டு, கடைத்தெருவில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு மறுபடி மலை ஏறுவேன். இந்தக் கதை நடந்தபோது இருபத்தெட்டு வருசமாக இதே நடை. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், அதுதான் லயம். ஏழாம் நம்பர் லயத்தில் கடைசிக் காம்பரா எனக்கும் என் பெண்சாதி ரெங்கம்மாவுக்கும். அதற்கு முந்தின காம்பரா வாத்தியாருடையது. நடுச்சுவர் கூரைவரைக்கும் போகாது. அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் ரெங்கம்மாவுக்குத் தும்மல் வரும். பேச்சு மட்டும் வராமல் இருக்குமா?

வாத்தியாருடையது என்று சொன்னேனே, அது வாய்ப் பேச்சு. காம்பரா அவர் பெண்சாதி செசிலியுடையது. தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம். செசிலி ஸ்டோரில் தூள் அரிக்கிறவள். தோட்டத்துப் பேர்ப்புத்தகத்தில் அவள் பேர் இருக்கிறவரைக்கும்தான் அந்தக் கூரை. பேரை வெட்டினால் காம்பராவும் போச்சு, புருசன், பெண்சாதி, பதின்மூன்று வயசுப் பிள்ளை ரோசலி மூன்று பேரும் சட்டிபானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். அரசாங்கம் பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டபோது வாத்தியாருக்குச் சம்பளம் தந்தது, வீடு தரவில்லை. வேற்றாள் வந்து வழி கேட்டால் லயத்துப் பிள்ளைகள் ‘செசிலி காம்பராவா’ என்றுதான் கேட்கும். அது வாத்தியாருக்கு உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

எனக்கும் அவர் மேல் ஒரு கடுப்பு உண்டு, மறைக்க மாட்டேன். அவர் வருமுன்னே லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் நான்தான் வாசித்துச் சொல்வேன். அரைக் கிளாஸ் டீயும் ஒரு வெற்றிலையும் கிடைக்கும், அதைவிட ஒரு மதிப்பு கிடைக்கும். வாத்தியார் வந்தபிறகு சனம் கடிதத்தை என் கையில் வாங்கி, என் கண் முன்னாலேயே அவர் வாசலுக்குக் கொண்டு போனது. பதினைந்து வருசம் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எண்பத்தைந்தாம் வருசம் ஆவணி. கச்சான் காற்று மலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மாதா திருநாளுக்கு ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை என்று பசறைக் கடைத்தெருவில் ரேடியோ திருத்துகிற புவாத்தைக் கூட்டி வந்தார்கள். இருபத்திரண்டு வயசிருக்கும். அவனுடைய ராத்தா ஹம்ஸியா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவள். தம்பிக்கு இரண்டு ஸ்பீக்கர் வைத்த கசட் ரேடியோ ஒன்று அனுப்பியிருந்தாள், ஒரு சின்னப் பெட்டகம் அளவு. திருநாள் முடிந்த மறுநாள் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், சிமெந்துத் தரையில், அதை வைத்துப் பாட்டுப் போட்டவன், சும்மா இருக்காமல் ஆடத் தொடங்கினான். தலைகீழாக நின்றான், ஒரு கையை ஊன்றிச் சுழன்றான், முதுகில் கிடந்து பம்பரமாய்ச் சுற்றினான். பிரேக் என்று பேராம். கூடவே ஒரு பேச்சு. பாட்டில்லை, தாளத்துக்கு வார்த்தையைத் தட்டித் தட்டிப் பேசுகிற பேச்சு. அன்றைக்கே தோட்டத்துப் பிள்ளைகள் அவனைப் பிடித்துக்கொண்டன. ஞாயிற்றுக்கிழமை தோறும் வா என்றார்கள். வந்தான்.

முதல் ஞாயிறு நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். முப்பது பிள்ளைகள் இருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டுத் தண்ணீர் ஓடுகிற கான் வெட்டப் போகிற சூசையும் கால்சட்டையை மடித்துக்கொண்டு நின்றான். புவாத் எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினான்.

“இது அமெரிக்காவுல ஏழைப் பொடியனுகள் செஞ்ச வேல. ரோட்டுல அட்டைய விரிச்சு ஆடினானுகள். அவனுகட பேர ஒருத்தரும் கூப்புடல்ல, அதனால அவனுகளே மைக்க எடுத்து அவனுகட பேரச் செல்லிக்கிட்டானுகள். நீங்களும் செல்லுங்க. ஆனா சும்மா ஏறி ஆட ஏலாது. ஆடுறதுக்கு டிக்கட், ஒரு வாய்ப்பாடு. தாளத்துக்குச் செல்லணும். அதுக்குள்ள ஒங்கட பேரும் வரணும்.”

எதற்கு வாய்ப்பாடு என்று சூசை கேட்டான். தான் கணக்கில் மூன்று தரம் பெயில் என்றும், கடை மேசையைத் தட்டித் தட்டித்தான் அது மண்டையில் ஏறியது என்றும் புவாத் சொன்னான். இந்தப் பிள்ளைகள் வாய்ப்பாடு தெரியாமல் பள்ளிக்கூடத்தில் அடி வாங்குவது அவனுக்கு யார் சொல்லித் தெரியுமோ, தெரிந்திருந்தது.

அடி கொடுக்கிறவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யேசுரத்தினம் வாத்தியாரிடம் ஒரு மூங்கில் பிரம்பு இருந்தது. கெட்ட மனுசன் இல்லை. காய்ச்சலோடும் பள்ளிக்கூடம் போவார், கொப்பி இல்லாத பிள்ளைக்குத் தன் காசில் வாங்கிக் கொடுப்பார். ஆனால் கணக்கென்று வந்தால் பிரம்புதான் பேசும். சொந்தப் பிள்ளை ரோசலிக்கு இரட்டிப்பு. ஏழாம் வாய்ப்பாடு அவளுக்கு ஏழு நாலில் நின்றுவிடும். அவர் பிரம்பை மேசையில் வைத்த சத்தத்திலேயே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சுவருக்கு இந்தப் பக்கம் ரெங்கம்மா, ‘அந்த எழவு ஏழ விட்டுட்டு எட்டுக்குப் போகக் கூடாதா’ என்று முணுமுணுப்பாள்.

புரட்டாசி முடிவதற்குள் மடுவத்தில் நிலைமை மாறிவிட்டது. சூசை பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே முதுகில் சுழன்றான். தலை நிமிர்ந்து கணக்கப்பிள்ளையிடம் பேசாத பிள்ளைகள், ‘எம்பேரு இது, எங்க லயம் இது’ என்று நெஞ்சைத் தட்டிச் சொல்லின. ரோசலி அப்பாவின் பழைய கால்சட்டையை இடுப்பில் கயிறு கட்டிப் போட்டுக்கொண்டு ஆடினாள். பெட்டைப் பிள்ளைக்கு இது என்ன கூத்து என்று லயத்தில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. மூன்றாம் நாள் பேசினவர்களின் பிள்ளைகளும் போய்விட்டன.

சிமெந்துத் தரை முழங்கையைத் தின்றது. ரோசலியின் இரண்டு முழங்கையும் தோலுரிந்து சிவந்து கிடந்ததைச் செசிலி பார்த்தாள். அவள் அதிகம் பேசாதவள். ஸ்டோரில் உடைந்த தேயிலைப் பெட்டிகளின் ஒட்டுப்பலகை கழிவாகக் கிடக்கும். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் அவற்றில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போடுவார். குறி போட்டது அடுப்புக்குப் போகிறது, வேண்டியவர் கேட்டு எடுக்கலாம். ஆனாலும் ஒரு துண்டு வெளியே போவதற்கும் ஆபீசில் பேர் பதிந்து சீட்டு எழுத வேண்டும் என்பது சட்டம். செசிலி டீமேக்கரைக் கேட்டாள், சிவப்பு அடித்ததை எடுத்துக்கொள் என்றார். சீட்டுக்கு அவள் போகவில்லை. ஆபீஸ் கிளாக்கரும் வாத்தியாரும் சாயந்தரத்தில் ஒன்றாகப் பேப்பர் வாசிக்கிறவர்கள். சீட்டு எழுதினால் அன்றைக்கே புருசன் காதுக்குப் போகும். புருசனுக்கு மடுவம் என்ற பேச்செடுத்தாலே முகம் கறுக்கிறது. அதனால் நாளைக்கொன்றாக, மழைக்குப் போர்த்துகிற கம்பளிக்குள் வைத்துக் கொண்டுபோனாள். ரெங்கம்மாவிடம் மட்டும் சொன்னாள். ரெங்கம்மாவிடம் சொன்னால் என்னிடம் சொன்ன மாதிரிதான்.

எட்டுப் பலகை சேர்ந்தது. பிள்ளைகள் செங்கல் பொடியும் தேங்காய் மட்டையும் போட்டுத் தேய்த்து, மெழுகுதிரி பூசி, வழுவழுவென்று ஆக்கிச் சட்டத்தில் அடித்தன. தேய்த்த தேய்ப்பில் சிவப்புக் குறி எல்லாம் போய்விட்டது. பக்கத்துக்கு மூன்றாக ஒன்பது வேண்டும். ஒரு மூலை மட்டும் காலி. அந்த மூலையில்தான் ஆடுகிறவன் தோள் சிமெந்தில் போய் மோதும்.

இதற்குள் வாத்தியாரின் வயிறு நன்றாகப் பற்றிக்கொண்டது. முதலில் ரொட்டி. ஞாயிற்றுக்கிழமை செசிலி தேங்காய்ப்பூ போட்டு ரொட்டி சுட்டு, கட்டச்சம்பலோடு ரோசலியிடம் புவாத்துக்குக் கொடுத்தனுப்புவாள். பசறையிலிருந்து நடந்து வருகிற பிள்ளை, பசிக்காதா? ஒருநாள் சுவருக்கு அப்பால் அவர் குரல் கேட்டது.

“நமக்குத் தேங்கா போடாத ரொட்டி. அவனுக்கு மட்டும் தேங்காப்பூவா?”

“ஒங்களுக்கும் அதுலதாங்க சுட்டேன். நீங்கதான் பாக்காம சாப்பிட்டீங்க,” என்றாள் செசிலி.

எனக்குச் சிரிப்பு வந்தது. ரெங்கம்மா என் தொடையில் கிள்ளினாள்.

பிறகு வந்தது வாய்ப்பாடு. ஐப்பசியில் ஒரு ஞாயிறு, மழை வருமுன்னே, வாத்தியார் வேறெங்கோ போகிறவர்போல் மடுவத்துப் பக்கம் போனார். நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். ரோசலி பலகையின் நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். ரேடியோவிலிருந்து தாளம் மட்டும் வந்தது.

“ஏழு ஒண்ணு ஏழு, நான் ஏழாம் நம்பர் லயம்.
ஏழு ரெண்டு பதினாலு, இனி எனக்கு இல்ல பயம்.
ஏழு மூணு இருபத்தொண்ணு, எங்கம்மா அரிப்பா தூளு.
ஏழு நாலு இருபத்தெட்டு, எம்பேரு ரோசலி கேளு.”

ஏழு நாலைத் தாண்டிவிட்டாள். அங்கே நிற்கவில்லை, ஏழு பத்துவரைக்கும் போனாள். பிள்ளைகள் கை தட்டின. வாத்தியார் ஒரு சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெற்ற பிள்ளை கணக்குச் சொல்கிறது, மனுசன் சந்தோசப்பட வேண்டாமா? என்னைப் பார்த்ததும் மறைக்க முடியாமல் சொல்லிவிட்டார்.

“அம்மா இருக்கா. பேரு இருக்கு. லயத்து நம்பரு கூட இருக்கு. நான் எங்கண்ணே?”

‘சின்னப் புள்ளைக, விடுங்க வாத்தியாரையா’ என்றேன். உள்ளுக்குள்ளே, பதினைந்து வருசம் என் வாசலைத் தாண்டிப் போன கடிதங்களை நினைத்தேன். நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன். அசிங்கம்தான், ஆனால் நினைத்தேன்.

அடுத்த வாரம் செசிலி ஒன்பதாவது பலகையைக் கொண்டுவந்து மடுவத்து மூலையில் சாத்தி வைத்தாள். இன்னும் தேய்க்கவில்லை, சிவப்புக் குறி பளிச்சென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் போய்ப் பார்த்தால் பலகையைக் காணோம்.

பழி சூசை மேல் விழுந்தது. அவன் வீட்டில் அடுப்புக்கு விறகில்லை என்று முதல் நாள்தான் அவன் தாய் புலம்பியிருந்தாள். எரித்துவிட்டான் என்றார்கள். இல்லை என்று அழுதான். இரண்டு பெரிய பையன்கள் கன்னத்தில் அறைந்தார்கள். புவாத் நடுவில் விழுந்து விலக்கினான். அன்றைக்கு ஆட்டம் நடக்கவில்லை. சூசை அதற்குப் பிறகு மடுவத்துக்கு வரவில்லை, பதின்மூன்றாம் வாய்ப்பாடும் அவனோடு கானுக்குள் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை வாத்தியாருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோனேன். கையெழுத்துப் போடப் பேனா தேடி அவர் அலுமாரியைத் திறந்தார். கதவு இழுத்த இழுப்பில் அலுமாரி அசைந்தது, பின்னால் சுவரோரமாக ஒட்டுப்பலகையின் ஒரு ஓரம் தெரிந்தது. அதில் பாதிப் பெருக்கல் குறி, சிவப்பு. நான் பார்த்ததை அவர் பார்த்தார். அவர் கையெழுத்துப் போட்டார், நான் சீட்டைக் கிழித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சூசை அடி வாங்கினது எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளையின் பேர் மீண்டிருக்கும். நான் சொல்லவில்லை. வாத்தியாரின் குடுமி என் கையில் இருக்கிறது என்ற நினைப்பு இனித்தது. அந்த இனிப்பை விட மனசு வரவில்லை.

அதோடு நின்றிருந்தால் கூடப் பரவாயில்லை. மறுவாரம் காலையில் வாத்தியார் வாசலில் என்னை மறித்து ஒரு கடித உறையைக் கொடுத்தார். பசறையில் பெட்டியில் போடச் சொன்னார். விலாசத்தைப் பார்த்தேன். எங்கள் தோட்டத்தை நடத்துகிற தொரைக்கு. தொரை பங்களா லயத்திலிருந்து கூப்பிடு தூரம். அந்தக் கடிதம் நாலு மைல் கீழே போய், முத்திரை குத்தி, நாலு மைல் மேலே வர வேண்டும். எங்கள் தோட்டங்களில் மொட்டைக் கடிதம் அப்படித்தான் போகும், ஆபீஸ் வாசலில் போட்டால் ஆளைப் பிடித்துவிடுவார்களே. எழுத்தை இடது கையால் கோணல்மாணலாக எழுதியிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கொண்டுபோய்ப் போட்டேன். மறுநாள் அதே கடிதத்தை அதே பையில் தூக்கிக்கொண்டு மலை ஏறினேன்.

அதில் என்ன எழுதியிருந்தது என்பது பிறகு எல்லாருக்கும் தெரிந்தது. பசறையிலிருந்து வெளியாள் வந்து பிள்ளைகளைக் கூட்டுகிறான், ஸ்டோர்ப் பலகை திருட்டுப் போய் மடுவத்தில் கிடக்கிறது, விசாரிக்கவும். புவாத்தைத் துரத்த வேண்டும், அவ்வளவுதான் மனுசனின் எண்ணம். பலகை யார் கை வழியாக வந்தது என்று அவருக்குத் தெரியாது. அவன் யாரோ ஸ்டோர்ப் பையனைப் பிடித்து வாங்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவருடைய பொறாமைக்குப் பயந்து பெண்சாதி மறைத்தாள், மறைத்ததால் அவர் தன் கூரைக்கே நெருப்பு வைத்தார்.

கடிதம் வந்த அன்று சாயந்தரம் கொழுந்து நிறுக்கும்போது தொரை மடுவத்துக்கு வந்தார். காவல்காரன் பலகைச் சட்டத்தைத் தூக்கி நடுவில் போட்டான். எட்டுப் பலகையின் அடிப்பக்கத்திலும் தோட்டத்துப் பேர் அச்சாக இருந்தது. பெண்கள் கூடையை இறக்காமல் நின்றார்கள். மழை பிடித்துக்கொண்டது, தகரக் கூரையில் அதன் சத்தம். தொரை நல்ல தமிழ் பேசுவார். இதைக் கொண்டுவந்தது யார் என்று கேட்டார். இரண்டாம் தரம் கேட்பதற்குள் செசிலி முன்னால் வந்தாள்.

“நாந்தாங்க கொண்டாந்தேன். கழிவுப் பலகைங்க. செவப்பு அடிச்சது. டீமேக்கரையாகிட்டக் கேட்டுத்தான் எடுத்தேன்.”

டீமேக்கர் குனிந்து எட்டையும் பார்த்தார். சிவப்பு இருந்தால் எடுக்கச் சொன்னது உண்மை என்றார். ஆனால் இதில் சிவப்பு இல்லையே, நல்ல பலகையையும் சேர்த்து எடுத்திருந்தால் தனக்கென்ன தெரியும் என்றார். அவரும் சம்பளத்துக்கு இருக்கிற மனுசன். தொரை சீட்டு எங்கே என்றார். சீட்டு இல்லை. நாளைக் காலை பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குள் கழிவுப் பலகை என்று காட்டினால் சரி, இல்லையென்றால் பேரை வெட்டுவேன், காம்பராவை விட வேண்டும் என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

வாத்தியார் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தார். புவாத்தைத் துரத்துகிறதைப் பார்க்க வந்தவர். செசிலி முன்னால் போனபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். இனிமேல் எவன் முகத்திலும் அப்படி ஒன்றைப் பார்க்கக் கூடாது.

விளக்கேற்றுகிற நேரம் செசிலி எங்கள் வாசலில் வந்து நின்றாள். கம்பளியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“தபாலண்ணே, அந்தக் கடுதாசிய யாரு போட்டாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாம இருக்காது. சொல்லுங்க. கால்ல விழுந்தாவது கேட்டுக்கிறேன்.”

“பசறைப் பெட்டியில வந்துச்சு தாயி,” என்றேன். “எனக்கென்ன தெரியும்.”

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள். ரெங்கம்மா அன்றைக்கு எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் சட்டிபானையை அடுக்குகிற சத்தம் கேட்டது. ரோசலி அழவில்லை. ‘அந்த ஒண்ணு இருந்தா போதும்மா, அதுல செவப்பு இருந்துச்சு, சூசை எரிச்சிருக்க மாட்டான்மா’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாத்தியார் குரல் வரவே இல்லை. நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். எழுந்து போய் இரண்டு வார்த்தை சொல்ல எனக்குக் கால் இல்லையா? இருந்தது. போகவில்லை.

விடியக் காலைப் பெரட்டு. பனிக்குள்ளே மழை. இருநூறு பேர் மழைக்குப் படங்கையும் கம்பளியையும் போட்டுக்கொண்டு பேர் கூப்பிட நிற்கிறார்கள். கணக்கப்பிள்ளை புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறார். தொரை வந்து நின்றார். செசிலி ரோசலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பெரட்டில் வேலை இல்லை, ஆனாலும் பையை வாங்காமல் நின்றேன்.

பள்ளிக்கூடத்துப் பாதையிலிருந்து வாத்தியார் வந்தார். தலையில் பலகை. குடை இல்லை. வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. சனம் விலகி வழி விட்டது. பலகையைத் தொரையின் காலடியில் வைத்து, மழை படாமல் குனிந்து மறைத்துக்கொண்டு, அந்தச் சிவப்புக் குறியைக் காட்டினார்.

“இதோட வந்ததுதாங்க மத்த எட்டும். புள்ளைக தேச்சதுல மை போயிருச்சு. இதத் தேய்க்கல.”

டீமேக்கர் வந்து பார்த்தார். தன் கைக் குறிதான் என்றார். இது எங்கே இருந்தது என்று தொரை கேட்டார்.

“பள்ளிக்கூடத்து அலுமாரிக்குப் பின்னால. நாந்தான் எடுத்து ஒளிச்சேன். சூசை எடுக்கல.”

“ஏன்?”

வாத்தியார் நிமிர்ந்தார். எந்தப் பக்கமும் பார்க்கவில்லை.

“பொறாமைங்க,” என்றார். “எம்புள்ள எங்கிட்டச் சொல்லாத வாய்ப்பாட்ட அந்தத் தம்பிகிட்டச் சொல்லுது. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல.”

எங்கேயோ ஒரு பெண் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். தொரை, இனிமேல் ஒரு ஆணிக்கும் சீட்டு எழுது என்று டீமேக்கரைக் கடிந்துகொண்டார். வெளியாள் தோட்டத்துக்குள் வருவதென்றால் வாராவாரம் அனுமதி கேட்டுக் கடிதம் வர வேண்டும், அந்தக் கடிதத்தை வாத்தியார்தான் எழுத வேண்டும் என்றார். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடத் தொடங்கினார். ‘செசிலி’ என்றபோது, ‘இருக்கேங்க’ என்று அவள் குரல் கேட்டது. பேர் வெட்டப்படவில்லை.

மொட்டைக் கடிதத்தைப் பற்றி வாத்தியார் வாய் திறக்கவில்லை. அது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. அவர் சூசை வீட்டுக்குப் போய் அவன் தாய் முன்னால் மன்னிப்புக் கேட்டார் என்று ரெங்கம்மா சொன்னாள். செசிலி ஒரு மாதம் புருசனோடு பேசவில்லை. ரொட்டியை மட்டும் முன்னால் வைத்தாள். தேங்காய்ப்பூ போட்டதுதான்.

சனிக்கிழமை தோறும் வாத்தியார் அனுமதிக் கடிதம் எழுதி என்னிடம் கொடுத்தார், வலது கையால், அழகான எழுத்தில். நான் பங்களாவுக்குக் கொண்டுபோனேன். மார்கழியில் ஒரு ஞாயிறு மழை விட்டிருந்தது. மூலைப் பலகையையும் அடித்துவிட்டார்கள். அதை மட்டும் தேய்க்கவில்லை, சிவப்பு இருக்கட்டும் என்று மறுபடி வரத் தொடங்கிய சூசை சொன்னானாம். வாத்தியார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடுவத்திலிருந்து தாளம் வந்தது. பிறகு ரோசலியின் குரல். பழைய நாலு வரியும் போனபிறகு புதுசாக இரண்டு வரி வந்தது, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து சொல்லின.

“ஏழு அஞ்சு முப்பத்தஞ்சு, எங்கப்பா பலகை கொண்டாந்தாரு.
ஏழு ஆறு நாப்பத்திரெண்டு, எடுத்ததும் நாந்தான்னாரு.”

தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். வாத்தியார் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். எழுந்து உள்ளே போவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஏழு பத்து எழுபதுவரைக்கும் இருந்து கேட்டார். கண்ணைத் துடைத்தார், துடைத்துவிட்டு மறுபடியும் கேட்டார். அவருக்கு அதில் இரண்டு வரி கிடைத்துவிட்டது. பிள்ளையைப் பெற்ற செசிலிக்கு ஒரு வரிதான்.

மானம் போன மனுசனைப் பார்த்து எனக்கு ஏன் எரிய வேண்டும்? எரிந்தது. அவரைத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் வாயில் வைத்துப் பாடுகின்றன. இருபத்தெட்டு வருசம் மழையிலும் காற்றிலும் ஏறி இறங்கினவன் நான், என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சாயந்தரம் ரோசலி மலையூற்று விழுகிற பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தாள். கூச்சத்தை விட்டுக் கேட்டேவிட்டேன்.

“ஏழு ஏழு நாப்பத்தொம்பது சும்மாதானே கெடக்கு. அதுல தபால் மாமாவுக்கு ஒரு வரி போடேன்.”

அவள் குடத்தைப் பீலிக்குக் கீழே வைத்தாள். கிண்டல் பண்ணவில்லை. பாட்டுக்கு வேண்டியதைக் கேட்கிற பிள்ளையின் முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“போடுறேன் மாமா. நீங்க என்னா செஞ்சீங்க, சொல்லுங்க.”

குடம் நிறைந்து வழிகிறவரைக்கும் நான் நின்றேன். பிறகு, நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.